பழைய ஸ்விட்ச் பார்த்த வேலை

போர்ட் போதவில்லை என்று, அலமாரியில் கிடந்த பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை, ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் டிரங்க் போர்ட்டில் சொருகினேன். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் நெட்வொர்க் போய்விட்டது. விலான்களை (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் பிரிவுகள்) பட்டியலிடும் 'ஷோ விலான் பிரீஃப்' கட்டளையைப் போட்டால், விலான் 10, 20, 30 எதையும் காணோம்.

விலான் பட்டியலை ஸ்விட்சுகளுக்கிடையே பரப்பும் சிஸ்கோ நெறிமுறைதான் விடிபி. 'ஷோ விடிபி ஸ்டேட்டஸ்' பார்த்தபோதுதான் புரிந்தது. 23 ஆக இருந்த ரிவிஷன் எண் (பட்டியல் மாறும்போதெல்லாம் கூடும் எண்) 61 ஆகியிருந்தது; பழைய ஸ்விட்சின் எண் அது. டொமைன் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தால், பெரிய எண்ணையே விடிபி கண்ணை மூடிக்கொண்டு நம்பும். இத்தனைக்கும் வந்தது வெறும் கிளையண்ட், தானாக விலான்களை உருவாக்கவோ அழிக்கவோ முடியாத ஸ்விட்ச்!

அதைக் கழற்றிவிட்டு, விடிபி சர்வராக இருக்கும் ஸ்விட்சில் விலான்களைத் திரும்ப உருவாக்கினேன். எந்த போர்ட் எந்த விலானுக்கு என்ற ஒதுக்கீடு அழியவில்லை, நல்லவேளை; எல்லாம் தானாக உயிர்பெற்றன. அப்புறம் பழைய ஸ்விட்சை டிரான்ஸ்பரன்ட் மோடுக்கு (மற்ற ஸ்விட்சுகளின் பட்டியலை ஏற்காத நிலை) மாற்றி, மறுபடி கிளையண்டாக்கினேன். ரிவிஷன் 0. அதன்பிறகே சொருகினேன்.