கீழ் ஸ்வரங்கள் பேச மறுத்தபோது: என் அனுபவம்

பதினான்காம் லூயியின் அரசவைக் காலத்துப் பிரெஞ்சு ஓபோவின் (சீவாளி வைத்து ஊதும் மரக்குழல்) மாதிரியில், பாக்ஸ்வுட் மரத்தில் கடைந்து, இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ ஒரு முழுத்தொனி தாழ்வாக, 392 ஹெர்ட்ஸ் சுருதியில் அமைத்த கருவி ஒன்றை நான் வாசிக்கிறேன். அதன் கீழ் ஸ்வரங்களான டி-யும் சி-யும் திடீரென நடுங்கி உடைந்தபோது, சீவாளியே காரணம் என்று எண்ணி இரண்டைச் சுரண்டிப் பார்த்தேன், பயனில்லை. பின்னர் கீழ்த்துண்டைக் கழற்றி, அடிவாயைக் கார்க்கால் அடைத்து, துளைகளை விரல்களால் மூடி, பெரிய சாவியையும் (விரல் எட்டாத துளையை மூடும் உலோக நெம்பு) அழுத்தியபடி காற்றை உறிஞ்சியபோது, எப்போதும் மூடியே இருப்பதால் நான் சந்தேகிக்காத ஈ ஃபிளாட் சாவியின் ஓரத்தில் மெல்லிய சீறல் கேட்டது. துளையை அடைக்க அதன் அடியில் ஒட்டிய தோல் விறைத்து, துளையின் வட்டத்தடம் கோணலாகப் பதிந்திருந்தது. மெல்லிய ஆட்டுத்தோலை வெட்டி ஒட்டியதும் சி தயக்கமின்றி எழுந்தது. நடுவிரலைத் தூக்கி வாசிக்கும் பி ஃபிளாட் ஸ்வரத்தின் மங்கிய ஒலிநிறத்தை மட்டும் நான் தொடவில்லை. அது குறையன்று, இக்கருவியின் அழகு.