கோட்டைகளும் அரண்மனைகளும்: வேலூரிலிருந்து பத்மநாபபுரம் வரை காரில் செல்வோருக்கு

கோட்டை, அரண்மனை பார்க்கக் காரில் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டரைக் கணக்கிட்டே நாள்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். இந்தப் பயணத்தில் தூரத்தைவிட வெயிலும் வார விடுமுறையும்தான் திட்டத்தைத் தீர்மானிக்கின்றன. மலைக்கோட்டையைக் காலையில் ஏற வேண்டும். கூரையுள்ள அரண்மனையை நண்பகலுக்கு ஒதுக்க வேண்டும். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சென்னையிலிருந்து சனிக்கிழமை புறப்பட்டு வேலூர், செஞ்சி, தஞ்சாவூர், திருமயம், மதுரை என்று இறங்கினால் இரண்டிலும் சிக்காமல் பத்மநாபபுரம் வரை போய்ச் சேரலாம். மார்கழி முதல் மாசி வரையிலான மாதங்களே இதற்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறைப் படிகள் வழுக்கும். சித்திரை வெயிலில் செஞ்சி ஏறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலூரில் முதலில் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் போய்விடுங்கள், ஏனெனில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். நெடுங்காலம் வழிபாடு நின்றிருந்து 1981-இல்தான் மீண்டும் தொடங்கிய இந்தக் கோயிலில், வாயிலைக் கடந்ததும் இடப்புறம் தெரியும் கல்யாண மண்டபத் தூண்களுக்கு அரைமணி நேரமாவது கொடுக்கலாம். பாயும் யாளிகளும் குதிரை வீரர்களும் ஒரே கல்லில் இத்தனை ஆழமாகக் குடையப்பட்டிருப்பதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் வேலைப்பாடு புரியும். பிறகு அகழியை ஒட்டி நடந்து, கோட்டைக்குள் வரும் பாதை நேராக வராமல் வளைவதைக் கவனியுங்கள். வாயிலை நோக்கி யானைகளோ படைகளோ வேகமெடுத்து வர முடியாதபடி செய்த ஏற்பாடு அது. திப்பு சுல்தானின் குடும்பத்தினர் காவலில் இருந்த மாளிகைகளும், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடமும் இதே மதிலுக்குள்தான் உள்ளன.

செஞ்சிக்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். முந்தைய இரவே திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ தங்கிவிட்டு, வாயில் திறக்கும் வேளையில் அங்கே நிற்பதே சரி, ஏனெனில் பிற்பகலில் ராஜகிரியின் மேலே ஏற விடுவதில்லை. தாமதமாக வந்து அடிவாரத்தோடு திரும்புகிறவர்களை அங்கே தினமும் காணலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்கள் இணைக்கின்றன. ராஜகிரியின் உச்சி சுமார் 800 அடி உயரம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும், பாறையில் பிடிப்புள்ள காலணியும், தொப்பியும் கட்டாயம். தின்பண்டத்தைக் கையில் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். குரங்குகள் பையோடு பறித்துக்கொள்ளும்.

மேலே போகும்போது உச்சியை மட்டுமே குறிவைத்து ஏறாமல், கோட்டை எப்படி இயங்கியது என்ற கேள்வியோடு ஏறினால் களைப்பும் தெரியாது. உச்சிக்குச் சற்று முன்பு, சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பிளவு ஒன்று பாறையை இரண்டாக வெட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் மேலிருந்த பாலத்தை எடுத்துவிட்டால் சிலர் மட்டுமே நின்று உச்சியைக் காத்துவிட முடியும். 1677-இல் சிவாஜி கைப்பற்றிய இந்தக் கோட்டையில்தான் பின்னர் அவருடைய மகன் ராஜாராம் தஞ்சமடைந்தார். முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் பல ஆண்டுகள் முற்றுகையிட்டும் 1698-இல்தான் கோட்டை வீழ்ந்தது. அந்தப் பிளவின் விளிம்பில் நின்று கீழே பார்க்கும் எவருக்கும் அத்தனை ஆண்டுகள் ஏன் பிடித்தன என்று விளங்கிவிடும். இறங்கிய பிறகு தானியக் களஞ்சியங்களையும், யானைக் குளத்தையும், அடுக்கடுக்காக எழும் கல்யாண மஹாலையும் பாருங்கள். முற்றுகையைத் தாங்கியதில் மதிலுக்கு இருந்த பங்கு களஞ்சியத்துக்கும் குளத்துக்கும் உண்டு. உடம்பில் தெம்பு மிச்சமிருந்தால் மட்டும் சாலைக்கு மறுபுறம் உள்ள கிருஷ்ணகிரிக்குப் போகலாம். 2025-இல் மராட்டியர் கோட்டைகள் 12 யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன; அவற்றுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டுமே.

நுழைவுச்சீட்டு பற்றி ஒரு வார்த்தை. செஞ்சி, திருமயம் போன்ற இந்தியத் தொல்லியல் துறையின் கோட்டைகளில் இந்தியர்களுக்கு 25 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. இணையத்திலோ வாயிலில் உள்ள கியூஆர் குறியீட்டின் வழியாகவோ செலுத்தினால் சற்றுக் குறையும். ஆனால் மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பாமல் சில்லறை வைத்துக்கொள்வது நல்லது. முன் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் சுவரில் பெயரைக் கீறினால் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு; பல கோட்டைகளின் சுவர்களைப் பார்த்தால் அந்தச் சட்டத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தஞ்சாவூர் அரண்மனைக்கு நண்பகலில் போகலாம். நாயக்கர் கட்டி மராட்டியர் விரிவாக்கிய இந்த வளாகத்தில் பகுதிக்கு ஒரு சீட்டு வாங்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை என்றால் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளை மட்டும் விடாதீர்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் அங்கே ஒரு கையைக் காளையின் மேல் ஊன்றியவாறு நிற்கிறார். காளை இல்லை, ஆனால் அந்தக் கையின் சாய்வில் அது இருப்பது தெரிகிறது.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிச் சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் வரும் திருமயம், இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் 1687-இல் கட்டிய சிறிய கோட்டை. ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம். அடிவாரக் குடைவரைக் கோயில்களையும் சேர்த்தால் காலை நேரம் நிறைவாகக் கழியும். மதுரைக்கு மாலையில் சேர்ந்து, 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மஹாலில் அந்தப் பெருந்தூண்களின் கீழே நின்று பாருங்கள். இன்று மிஞ்சியிருப்பது அன்றைய அரண்மனையின் ஒரு பகுதிதான் என்பதை நினைவில் கொண்டால் அதன் அளவு இன்னும் வியப்பூட்டும்.

மதுரையிலிருந்து, பத்மநாபபுரத்தை ஒட்டிய ஊரான தக்கலைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே அந்த நாளை ஓட்டுவதற்கே விட்டுவிட்டு மறுநாள் காலை பத்மநாபபுரம் போவது மேல். குமரி மாவட்டத்தில் இருந்தாலும் இந்த அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும் என்பதால் காலுறை கொண்டுபோங்கள். கரிந்த சிரட்டைத் தூள், சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைக் கலந்து இட்ட கருந்தரை இன்றும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கிறது. பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. வழிகாட்டிகளிடம் தயங்காமல் கேளுங்கள். அவர்கள் சுட்டாவிட்டால் பாதி நுணுக்கம் கண்ணில் படாது. பிற்பகலில் அருகிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குப் போனால், 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்டு, பின்னர் அவருடைய படைக்கே பயிற்சி அளித்த டச்சுப் படைத் தளபதி டி லனாயின் கல்லறையைக் காணலாம். அதில் லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு உண்டு. எழுத்துகள் தேய்ந்திருப்பதால் வெளிச்சம் குறையும் முன்பே போய்விடுங்கள்.