புதர் மூடிய மலைப்பாதையில் செய்யக்கூடாதவை

கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் சபாவின் கினபாலு மலையில் ஏறத் தயாராகிறார்கள். ஞாயிறுதோறும் இங்குள்ள ஜெராய் மலையின் கைவிடப்பட்ட பாதைகளில் பயிற்சி. கினபாலுவின் 4,095 மீட்டர் ஏறப் போகிறவர்களுக்கு ஜெராயின் 1,217 மீட்டர் பெரிதாகத் தெரிவதில்லை. பனியுகத்தில் பனிப்பாறைகள் வழித்தெடுத்த கினபாலுவின் கருங்கல் உச்சிக்குக் கயிறு வழிகாட்டுகிறது; கூடவே வழிகாட்டியும் வருகிறார். புதர் மூடிய பாதையில் வழியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர், காலணி, அட்டைக்கடி பற்றியெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

திரும்பி ஏற மறுப்பது

மலையின் முதுகுகள் மேலே போகப் போக ஒன்றுசேரும். அதனால் ஏறும்போது வழி தவறுவது குறைவு. இறங்கும்போது அதே முதுகு இரண்டாக, நான்காகப் பிரியும். ஒரு கிளை மாறினால் வேறு பள்ளத்தாக்கு. தேய்ந்த பாதையில் கால் தானே சரியான பக்கம் திரும்பிவிடும். புதருக்குள் பிரிவே கண்ணில் படாது. காட்டுப்பன்றித் தடம்தான் பாதையைவிடத் தெளிவாக இருக்கும்.

இளவயதில் நானும் என் மைத்துனரும் அப்படி ஒரு தடத்தில் இறங்கினோம். இடுப்பளவு ரெசாம் பெரணி. அரை மணி நேரத்தில் ரோத்தான் எனும் பிரம்புக்கொடியின் முள் சட்டையைப் பிடித்தது. “மச்சான், ஏறும்போது இந்த முள் இருந்ததா?” என்று கேட்டார். இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வியர்வை சிந்தி இறங்கிய சரிவில் மறுபடி ஏற மனம் வரவில்லை. “கீழே போனால் ஊர் வந்துவிடும்” என்றேன். ஓர் ஓடையில் போய் முடிந்தது. வழுக்குப் பாறையில் அவருடைய கணுக்கால் பிசகி, இரவு அங்கேயே கழிந்தது. பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பிழைத்த மனிதர் ஆறு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை.

போன மாதம் நான்கு பிள்ளைகள் முள்ளில் கிழிபட்டு வந்து, “கீழே போனால் ஊர் வரும்தானே அண்ணே?” என்று அதே சொல்லைச் சொன்னபோது எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஏறும்போது ஒவ்வொரு பிரிவிலும் நின்று, திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது தெரியப்போவது அந்தக் காட்சிதான். இறங்கி வருபவர் கண்ணில் படும்படி வண்ண நாடா கட்டுங்கள், வரும்போது அவிழ்த்துவிடுங்கள். ஏறும்போது பார்க்காத ஒன்று எதிர்ப்பட்டால் அந்த நிமிடமே திரும்பி, கடைசி நாடா வரை ஏறுங்கள். பத்து நிமிட ஏற்றம்தான். தள்ளிப்போட்டால் ஒரு மணி நேரமாகிவிடும்.

ஓடையைப் பிடித்து இறங்குவது

தூப்பா, ஸ்ரீ பெரிகி, பத்து ஹம்பார் எல்லாம் ஜெராயிலிருந்து விழும் அருவிகள். ஓடையோடு போனால் செங்குத்துப் பாறையின் விளிம்பில் போய் நிற்க நேரும். மேலே பெய்த மழை, கீழே துளிகூட விழாதபோதும் திடீர் வெள்ளமாக வரும். 2021 ஆகஸ்டில் இந்த மலையிலிருந்து பாய்ந்த நீர் யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனது.

கைப்பேசியை மட்டும் நம்புவது

அடர்ந்த மரங்களுக்கடியில், நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடப் புள்ளி தாவும்.

பொழுதைத் தவறாகக் கணக்கிடுவது

ஊரில் ஏழு மணிக்கு இருக்கும் வெளிச்சம் காட்டுக்குள் ஆறுக்கே மங்கிவிடும்.

அனுமதி வாங்காமல் நுழைவது

வனக்காப்பகமென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். வாங்குங்கள்.

பாதையின் பெயரைச் சொல்லாமல் கிளம்புவது

மைத்துனரோடு போன அன்று, “மலைக்குப் போகிறோம்” என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தோம். தோட்டத்து லயக் குடியிருப்பு ஆட்கள் அன்றிரவு முழுவதும் மலையின் மறுபக்கத்தில் விளக்கோடு எங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.