25 பேர் கூடும் வீட்டில் பொங்கல்: மூத்த மருமகள் சொல்லும் வழி

எங்கள் வீட்டில் பொங்கல் வேலை ஐப்பசியிலேயே தொடங்கிவிடும். காரணம் ரயில். 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. ஜனவரி 13 ராத்திரி சென்னையில் ஏற வேண்டுமானால் நவம்பர் 14 காலை 8 மணிக்கு ஒருவர் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான் என்பதால், குடும்பத்துக்கு ஒருவர் என்று பொறுப்பு கொடுத்துவிடுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் யாருக்காகவும் காத்திருக்காது.

நாங்கள் ஸ்ரீவைகுண்டம் பக்கம். மாமியார் இருக்கும் பூர்வீக வீட்டுக்கு மூன்று மகன்களின் குடும்பமும் வரும். பொங்கலுக்கு மறுநாள் நாத்தனார்கள் பிள்ளைகளோடு வந்து சேருவார்கள். 25 பேருக்குக் குறையாது.

முதலில் பணம். ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்காதீர்கள். ஒரு தம்பிக்கு மாதச் சம்பளம், இன்னொருவருக்கு மழையை நம்பிய வயல். சம பங்கு கேட்டால் ஒருவருக்கு அது ஒன்றுமில்லை, மற்றவருக்குப் பாரம். பொருளாகப் பிரித்துவிடுங்கள். ஊரில் இருப்பவர் வாழையிலை, தேங்காய், வாழைக்காய், பச்சரிசி. வெளியூரிலிருந்து வருபவர் நெய், முந்திரி, ஏலக்காய், துணிமணி. என்ன விலை ஆயிற்று என்ற பேச்சே வரக்கூடாது. மாமியார் காதில் விழுந்தால் அன்றைய சோறு அவருக்கு இறங்காது.

அடுத்தது பொங்கப்படி. கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகும் சீர் இது. அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, காய்கறி, கிழங்கு, பனங்கிழங்கு. தலைப்பொங்கல் என்றால் பானையும் சேரும். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னாலாவது அண்ணனோ தம்பியோ நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பணமாக அனுப்பினால் முடிந்துவிடாதா என்று இப்போது கேட்கிறார்கள். முடியாது. கூடப் பிறந்தவன் கரும்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பதைத் தெருவே பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு வேண்டியது. கணவரை இழந்த அக்கா தங்கைக்குப் படியை நிறுத்தும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதல் படி அவளுக்குத்தான் போக வேண்டும்.

துணி எடுக்கும்போது ஓர்ப்படிகள் எல்லோருக்கும் ஒரே விலையில் சேலை எடுங்கள். நிறம் மட்டும் வேறாக இருக்கட்டும். கட்டிலில் விரித்து வைத்து, கடைசி மருமகளை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். எல்லா வீட்டிலும் மிச்சம் கிடப்பதுதான் அவளுக்கு வரும்; ஒரு நாளாவது முறை மாறட்டும். பிள்ளைகளுக்குப் பொங்கல் காசு பெரியவன், சின்னவன், மகன் வயிற்றுப் பேரன், மகள் வயிற்றுப் பேத்தி என்று வித்தியாசமில்லாமல் ஒரே தொகை. புது நோட்டாக மாற்றி, ஆச்சி கையில் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். யார் பணமானாலும் ஆச்சி கையால் வாங்கினால்தான் அது பொங்கல் காசு.

பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானமே கிழங்கு வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். சிறுகிழங்கு இல்லாமல் திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் கிடையாது. அது மண்ணும் தோலுமாக வரும். ஒவ்வொன்றாகச் சுரண்ட உட்கார்ந்தால் விடிந்துவிடும், விரல் நுனியெல்லாம் கறுத்துப்போகும். தண்ணீரில் ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, கல் தரையில் அடித்து உருட்டுங்கள். பெரும்பாலும் தோல் கழன்றுவிடும், மிச்சத்தைக் கத்தியால் எடுத்துக்கொள்ளலாம். அடிக்கும் வேலையைக் கொழுந்தன்மாரிடமும் வளர்ந்த பையன்களிடமும் கொடுங்கள். “மைனி, இன்னும் எத்தனை சாக்கு?” என்று கேட்டுக்கொண்டே செய்வார்கள், செய்யட்டும்.

பொங்கல் அன்று முற்றத்தில் கோலம் போட்டு, காவி பூசிய பொங்கக்கட்டி மூன்றை அடுப்பாக வைத்துப் பானை ஏற்றுவோம். எரிக்கக் காய்ந்த பனையோலை. ஓலை சட்டென்று பற்றி சட்டென்று அணையும், அதனால் அதைத் தள்ளிக்கொடுக்கவே ஓர் ஆள் வேண்டும். புதுச் சேலை கட்டியவரை அங்கே உட்கார வைக்காதீர்கள். பால் பொங்கி வழியும்போது குலவை போடத் தெரிந்தவர் இப்போது குறைந்துவிட்டார்கள். ஆச்சியைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பேத்திகளை அவரோடு சேர்ந்து குலவையிடச் சொல்லுங்கள்.

சர்க்கரைப் பொங்கலுக்கு 1 கிலோ பச்சரிசி, 200 கிராம் பாசிப்பருப்பு, ஒன்றரை கிலோ வெல்லம். அன்று வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஆகும், அக்கம்பக்கத்துக்குக் கிண்ணத்தில் கொடுக்கவும் மிஞ்சும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி மண்ணை நீக்குங்கள். அரிசி குழைய வெந்த பிறகே பாகை ஊற்ற வேண்டும். இனிப்பு சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் அரிசி வேகாது.

பந்தியில் பெண்களும் உட்கார வேண்டும். முதல் பந்தியில் பிள்ளைகளும் பெரியவர்களும், கூடவே காலையிலிருந்து அடுப்பில் நின்றவர்களும். இரண்டாம் பந்தியில் பரிமாறியவர்கள். மூன்றாம் பந்தி என்று ஒன்று வேண்டாம். ஆறிப்போன சோறும் அடிக்குழம்பும் எப்போதும் ஒரே ஆளுக்குத்தான் போய்ச் சேரும்.

மிஞ்சிய குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ராத்திரியே ஒரே சட்டியில் கொட்டிக் கொதிக்கவிடுங்கள். காலையில் மறுபடி சுண்ட வைத்தால் சுண்டக்கறி. பழைய சோற்றுக்கு அதைப் போல வேறு ஒன்று கிடையாது. பொங்கல் சாப்பாட்டை விட இதற்காகவே எங்கள் பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

பொங்கலுக்கு மறுநாள் மாட்டுப்பொங்கல். எங்கள் பக்கம் கரிநாள் என்போம், கறி எடுக்கும் நாள். நாத்தனார்கள் வந்து இறங்குவதும் அன்றுதான். இங்கே ஒரு ஏற்பாடு அவசியம். அவர்கள் தாய்வீட்டுக்கு வந்திருக்கும் அதே நாளில் மருமகள்களுக்கும் தாய்வீட்டு நினைப்பு வரும். மத்தியானக் கறிச்சோறு முடிந்ததும், பக்கத்து ஊரில் அம்மா இருக்கிற மருமகள் புறப்படலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அன்று பாத்திரம் துலக்குவது ஆண்கள் பொறுப்பு. மாமியார் முதலில் முகம் சுளிப்பார். “அத்தை, உங்க மக இங்க வந்து இருக்கால்லா, அவ அம்மையும் அங்க பாத்துக்கிட்டு இருப்பா” என்று மெல்லச் சொன்னால் ஒத்துக்கொள்வார்.

படுக்க இடம் போதாதே என்று கவலைப்பட வேண்டாம். தை மாதப் பனிக்குப் போர்வை மட்டும் ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லுங்கள்.

திரும்பும்போது எல்லோர் பையிலும் ஒரே மாதிரி கட்டிக் கொடுங்கள்: தேங்காய், மஞ்சள், கரும்புத் துண்டு, அவித்த பனங்கிழங்கு. சர்க்கரைப் பொங்கலை ரயிலில் கொடுத்தனுப்பாதீர்கள், போய்ச் சேர்வதற்குள் புளித்துவிடும். லீவு கிடைக்காமல் வராதவர்களுக்கும் ஒரு பை போக வேண்டும். அதே ஊருக்குத் திரும்புகிறவர் கையில் பெயர் எழுதிக் கொடுத்து விடுங்கள். பனங்கிழங்கை மட்டும் அவர்களுக்கு அவித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து அனுப்புங்கள். பல நாள் கெடாது.