டில்லரைப் பிடிக்க ஒரு கயிறு: சின்னப் பாய்ப்படகுக்கு நீங்களே செய்யும் கருவி

மும்பைத் துறைமுகத்தில் சின்னப் பாய்ப்படகு ஓட்டப் பழகுகிறவர்களுக்குச் சீக்கிரமே ஒரு விஷயம் புரிந்துவிடும்: இரண்டு கை போதாது. ஒரு கையில் டில்லர், அதாவது சுக்கானைத் திருப்பும் தண்டு. இன்னொரு கையில் ஷீட், அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு. நடுவில் தண்ணீர் குடிக்க வேண்டும், படகுக்குள் தேங்கியதை இறைக்க வேண்டும், எங்கோ சிக்கிய கயிற்றை எடுத்துவிட வேண்டும். டில்லரை விட்டால் பெரும்பாலான படகுகள் காற்றை நோக்கித் திரும்பிவிடும், பாய் படபடவென்று அடிக்கத் தொடங்கும். கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் என்றால் எலிஃபெண்டாவுக்கும் மாண்ட்வாவுக்கும் ஆட்களை ஏற்றிப் போகும் லாஞ்சுகள், அதாவது மோட்டார் படகுகள், எழுப்பும் அலையும் சேர்ந்து டில்லரை உதைக்கும்.

இதற்கு ஒரு மலிவான தீர்வு, படகின் குறுக்கே கட்டும் ஒரு கயிறு. அது டில்லரைச் சுற்றிப் போகும், ஒரு முனையில் ரப்பர் இருக்கும். டில்லர் விட்ட இடத்திலேயே நிற்கும், ஆனால் நீங்கள் தள்ளினால் நகரும். இந்த ‘ஆனால்’ முக்கியம். டில்லரை அசையாமல் பூட்டுகிற எதையும் சின்னப் படகில் வைக்கக் கூடாது. நீங்கள் தவறி விழுந்தால், காற்றை நோக்கித் திரும்பி நிற்க வேண்டிய படகு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு நிபந்தனை: கையால் தள்ளினால் வழிவிட வேண்டும், ஒரே இழுப்பில் முழுக்கக் கழன்று வர வேண்டும். அழகெல்லாம் அப்புறம்.

உங்கள் படகுக்கு ஒத்துவருமா?

இரண்டு பேர் உட்காரும், நான்கு முதல் ஆறு மீட்டர் நீளப் படகுகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். லேசர் என்ற, ஒருவர் ஓட்டும் பந்தயப் படகில் இடமில்லை. ஷீட்டைப் பிடித்துக்கொள்ளும் பின்பக்கத்து ட்ராவலர் கயிறு டில்லருக்கு மேலேயே குறுக்காக ஓடுகிறது, இன்னொரு கயிறு கட்டினால் இரண்டும் மோதும். ஆப்டிமிஸ்ட் குழந்தைகள் தனியாக ஓட்டும் குட்டிப் படகு. அதில் இது வேண்டவே வேண்டாம், பிள்ளைகள் டில்லரைப் பிடித்தே பழகட்டும்.

முதலில் படகு கரையில் இருக்கும்போது அளவெடுங்கள். டில்லரின் நடுப்பகுதிக்கு நேராக இரு பக்க விளிம்புக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர்? அந்த இடத்தில் கயிறு கட்ட வளையமோ கிளீட்டோ ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால் துளை போடும் வேலை மிச்சம். ஃபைபர் உடலில் போடும் ஒவ்வொரு துளையும் நீர் கசியும் வழிதான், அதனால் இருப்பதை வைத்தே சமாளிக்கப் பாருங்கள்.

என்ன வாங்குவது, எங்கே

கயிறுக்கும் உலோகச் சாமானுக்கும் நாக்தேவி ஸ்ட்ரீட் போதும். மஸ்ஜித் ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாம். 6 மில்லிமீட்டர் பின்னல் பாலியஸ்டர் கயிறு கேளுங்கள். நைலான் இழுபடும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மலிவு, தண்ணீரில் மிதக்கும், ஆனால் வழுக்கும், வெயிலில் சீக்கிரம் பொடிந்து கையில் குத்தும்.

வளையமோ ஷேக்கிளோ (முள் போட்டுப் பூட்டும் U வடிவ இணைப்பு) வாங்கினால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும். கடையில் ‘தீன் சௌ சோலா’ என்றால் புரியும். கடைக்காரர் 304-ஐக் காட்டி “ஒன்றுதான் சார்” என்பார். ஒன்றில்லை. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்பு அரிப்பைத் தாங்குவது அதனால்தான். 304 நம் கடல் காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, அதனால் பில்லில் 316 என்று எழுதி வாங்குங்கள். அலுமினிய பூமிலோ (பாயின் அடியை விரித்துப் பிடிக்கும் தண்டு) டில்லரிலோ ஸ்டீல் திருகு போடுவதென்றால் நடுவே பிளாஸ்டிக் வாஷர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புநீரில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு அலுமினியம் கரையும்.

ரப்பருக்குச் செலவே இல்லை. சைக்கிள் கடையில் பஞ்சராகித் தூக்கிப்போட்ட டியூப் கேட்டால் தருவார்கள். பியூட்டைல் டியூப் கிடைத்தால் நல்லது, சாதாரண ரப்பர் பேண்டைவிட வெயிலை நெடுநாள் தாங்கும். கயிறு விளிம்பில் உரசும் இடத்துக்குத் தாராவி தோல் கடைகளில் ஒதுக்கிவைக்கும் துண்டுத் தோல் ஒன்று. கடைசியாகச் சமையலறையிலிருந்து ஒரு பழைய வெள்ளை பிளாஸ்டிக் காய்வெட்டும் பலகை. வீட்டில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்வது

இழுவையைக் கூட்டிக் குறைக்கும் துண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். பலகையிலிருந்து 8 சென்டிமீட்டர் நீளம், இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை அறுத்தெடுங்கள். ஹேக்ஸா பிளேடு போதும், இந்த பிளாஸ்டிக் சுலபமாக அறுபடும், தண்ணீரும் உறிஞ்சாது. இரு முனையிலிருந்தும் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி 7 மில்லிமீட்டர் துளை ஒவ்வொன்று. துளை விளிம்பைக் கத்தியால் சீவி மழுங்கடியுங்கள், இல்லாவிட்டால் அதுவே கயிற்றை அறுக்கும். டென்ட் கட்டும் கயிற்றில் இருப்பதும் இதே துண்டுதான்.

அதே பலகையில் சுண்டுவிரல் பருமனில், 8 சென்டிமீட்டருக்கு ஒரு முளை சீவிக்கொள்ளுங்கள். அவசரத்தில் உருவப்போவது இதைத்தான். ஒரு முனையில் துளையிட்டு, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு முழம் நூல் கட்டுங்கள்.

கயிற்றின் நீளம் படகின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் சரியாக வரும். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, வெட்டிய முனையை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிவிடுங்கள். உருகியதைக் கையால் தொட வேண்டாம், சூடாக ஒட்டிக்கொள்ளும்.

டியூபை நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்தில் கீறி, இரண்டாக மடித்து, 25 சென்டிமீட்டர் அளவில் ஒரு வளையமாக்குங்கள். ரப்பரில் முடிச்சு வழுக்கும். அதனால் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மெழுகு தடவிய தடித்த நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவதுதான் நம்பகமானது.

இனி பொருத்துவது. ரப்பர் வளையத்தின் ஒரு முனை வலப்பக்க விளிம்பில். கயிற்றின் ஒரு முனையில் சின்னக் கண்ணி போட்டு, அதை ரப்பரின் மறுமுனைக்குள் நுழைத்து, வெளியே வந்த கண்ணிக்குள் முளையைச் செருகுங்கள். முளை இருக்கும்வரை பிடிக்கும், உருவினால் எல்லாம் கழன்றுவிடும். கயிற்றின் மீதியை டில்லருக்குக் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றி, அங்கிருந்து இடப்பக்க விளிம்புக்கு. அங்கே விளிம்பில் இருக்கும் உலோக வளையத்துக்கு முன்பே கயிறு பட்டையின் ஒரு துளைக்குள் புகுந்து, வளையத்தைச் சுற்றித் திரும்பி, மறுதுளைக்குள் நுழைந்து, முடிச்சில் முடிய வேண்டும். பட்டையை டில்லர் பக்கம் நகர்த்தினால் கயிறு இறுகும், வளையத்தின் பக்கம் தள்ளினால் தளரும்.

டில்லரை எத்தனை முறை சுற்றுவது என்பதில் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வு கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும். ஒரு சுற்று நழுவுகிறதே என்று மூன்று சுற்றினால் டில்லர் பூட்டிக்கொள்ளும். டில்லர் வார்னிஷ் பூசி வழுவழுப்பாக இருந்தால் சுற்றைக் கூட்டாமல், அந்த இடத்தில் கொஞ்சம் டியூப் ரப்பரை ஒட்டிப் பாருங்கள். கயிறு டில்லரை எங்கே தொடுகிறது என்பதற்கும் விளைவு உண்டு. சுக்கானுக்குப் பக்கத்தில் கட்டினால் அதிக பலம் வேண்டும், கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டினால் கயிறு நெடுந்தூரம் நகர வேண்டியிருக்கும். நடுவில் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கரையில் சோதனை

ட்ராலியில் படகை வைத்து, கயிற்றை இறுக்கி, கைகளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு டில்லரை இரு பக்கமும் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். ஒரு கையால் முடியவில்லை என்றால் தளர்த்துங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நூலைத் தேடிப் பிடித்து முளையை உருவுங்கள். ஒரே இழுப்பில் வராவிட்டால் முளையை இன்னும் சீவி வழுவழுப்பாக்குங்கள். இது தேறும்வரை கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கடலில்

மும்பையில் பாய்ப்படகுக் காலம் அக்டோபரிலிருந்து மே வரை. பிற்பகலில் கடல்காற்று வலுக்கும், அதனால் முதல் முயற்சி காலையிலேயே இருக்கட்டும். கூட இன்னொருவர் வேண்டும், இருவருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும், லாஞ்சும் கப்பலும் போகும் பாதையில் வேண்டாம்.

முதலில் பாய்களைச் சரிசெய்து, டில்லரை விரல் நுனியால் பிடித்தாலே நேராகப் போகும் நிலைக்குப் படகைக் கொண்டுவாருங்கள். அதற்கப்புறம்தான் கயிறு. சமநிலை இல்லாத படகை இந்தக் கயிறு திருத்தாது. காற்றை முன்பக்கம் வைத்து ஏறும்போது நன்றாக வேலை செய்யும். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது பயன்படுத்தவே கூடாது, படகு கொஞ்சம் விலகினாலும் பூம் திடீரென மறுபக்கம் பாய்ந்து தலையில் அடிக்கும்.

இது தானாக ஓட்டும் கருவி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்று மாறினால் படகைத் திருப்ப இதற்குத் தெரியாது. அதைச் செய்ய காற்றை உணரும் ஓர் இறக்கை வேண்டும். 1960-இல் நடந்த முதல் தனிநபர் அட்லாண்டிக் போட்டியில் பிளாண்டி ஹாஸ்லரும் பிரான்சிஸ் சிசெஸ்டரும் தாங்களே உருவாக்கிய அப்படிப்பட்ட கருவிகளோடுதான் போனார்கள். சிசெஸ்டர் முதலில் வந்தார், ஹாஸ்லர் இரண்டாவது. நம் கயிறு கொடுப்பது ஒரு வாட்டர் பாட்டிலைத் திறந்து குடிக்கும் நேரம்.

கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். ஜூனில் படகை மழைக்கு ஏற்றிவைக்கும்போது இந்தக் கயிற்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சீசன் தொடங்கும்போது ரப்பரை நன்றாக இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும் தூக்கிப்போட்டுவிட்டு, சைக்கிள் கடைக்காரரிடம் இன்னொரு டியூப் கேளுங்கள்.