பிரிட்டனில் வேலை போனால் மோர்ட்கேஜ் வட்டிக்கு அரசுக் கடன்: தகுதியைப் பார்ப்பது எப்படி?

வாடகை வீட்டில் இருப்பவருக்கு யூனிவர்சல் கிரெடிட்டிலேயே (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை) வாடகைக்கென்று ஒரு தொகை வரும். மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கட்டுபவருக்கு அது கிடையாது. அவருக்கு இருக்கும் வழி, மோர்ட்கேஜ் வட்டிக்கு அரசு உதவும் ‘சப்போர்ட் ஃபார் மோர்ட்கேஜ் இன்டரஸ்ட்’, சுருக்கமாக எஸ்.எம்.ஐ. 2018 ஏப்ரலுக்கு முன் இதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இப்போது இது வட்டியுள்ள கடன். பழைய விதியை நம்பி யாரும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

முதலில், எந்த பெனிபிட் (அரசு உதவித்தொகை) வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் (ஓய்வூதிய வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கானது) இரண்டுக்கும் எஸ்.எம்.ஐ. உண்டு. நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் கிடைக்கும். வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டாவது வீட்டுக்குக் கேட்க முடியாது.

அடுத்தது நாள் கணக்கு. பென்ஷன் கிரெடிட் என்றால் காத்திருக்க வேண்டாம். யூனிவர்சல் கிரெடிட் என்றால் தொடர்ந்து 3 மாதம் அதை வாங்கியிருக்க வேண்டும். முன்பு இது 9 மாதம். அப்போது சிறு வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினாலும் தகுதி போய்விடும். 2023 ஏப்ரல் 3 முதல் அந்த இரண்டு விதிகளும் மாறிவிட்டன. பகுதிநேர வேலை பார்ப்பவர்களும் இப்போது கேட்கலாம். ஆனால் ‘தொடர்ந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு மாதம் வாங்கிவிட்டு நடுவில் நின்றுபோனால், அந்த மூன்று மாதக் கணக்கு உடைந்துவிடும்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? பலர் ஏமாறும் இடம் இதுதான். யூனிவர்சல் கிரெடிட்டில் கடனின் முதல் 2,00,000 பவுண்டுக்கும், பென்ஷன் கிரெடிட்டில் பொதுவாக 1,00,000 பவுண்டுக்கும் மட்டும்தான் வட்டி கணக்கிடுவார்கள். அதுவும் உங்கள் வங்கி போடும் வட்டி விகிதத்தில் அல்ல, அரசு வைத்திருக்கும் பொது விகிதத்தில். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடன் பாக்கி 2,60,000 பவுண்டு, வங்கி வட்டி 5 சதவீதம், அரசு விகிதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (விகிதங்கள் உதாரணத்துக்குத்தான்). மாத வட்டி ஏறக்குறைய 1,083 பவுண்டு. அரசு தருவது 500. மீதி 583 பவுண்டும், அதன்மேல் அசலும் உங்கள் பொறுப்பு. பழைய தவணைப் பாக்கி, காப்புறுதி எதற்கும் இதில் பணம் கிடையாது. உங்கள் மோர்ட்கேஜ் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, இதே கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் கையெழுத்து. கடன் ஒப்பந்தம் வரும், கூடவே வீட்டின்மேல் அடமானப் பத்திரமும் வரும். வங்கியின் அடமானத்துக்குப் பின்னால் அரசின் அடமானமும் வீட்டின்மேல் ஏறும். துணையுடன் சேர்ந்து கிளெய்ம் செய்தால் அவரும் கையெழுத்திட வேண்டும். பத்திரம் புரியவில்லை என்றால் புரிந்தபிறகு கையெழுத்திடுங்கள். பிள்ளைகள் மொழிபெயர்த்துச் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். கடன் தொகை உங்கள் கைக்கு வராது, பெரும்பாலும் நேரே வங்கிக்குப் போகும். வீட்டை விற்கும்போதோ வேறொருவர் பெயருக்கு மாற்றும்போதோ வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். வங்கிக் கடன் போக மிஞ்சும் பணம் போதாவிட்டால், நியாயமான சந்தை விலைக்கு விற்றிருக்கும் பட்சத்தில், மீதியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். ‘கடன்’ என்ற சொல்லைக் கேட்டதுமே பயந்து கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறவர்களுக்கு இந்த விதியைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு வேலையை மட்டும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். காத்திருக்கும் அந்த 3 மாதத்துக்கு யாரும் வட்டி கட்ட மாட்டார்கள். அதனால் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்த அன்றே வங்கியைக் கூப்பிட்டு வேலை போனதைச் சொல்லுங்கள். தவணையைக் கொஞ்ச காலம் குறைக்க முடியுமா, வட்டி மட்டும் கட்டலாமா என்று கேளுங்கள். பேசிய தேதியையும் அவர்கள் சொன்ன பதிலையும் குறித்து வையுங்கள்.