1.5 என்று சேமித்தால் 2 ஆகிறதா? தரவுத்தளத்தில் தசம இலக்கங்கள் தொலையும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

நகைக்கடை ஒன்றுக்கான பில் மென்பொருளில்தான் இந்தப் பிழையோடு நான் அதிகம் போராடினேன். தங்கத்துக்கான 3 சதவீத ஜிஎஸ்டி, மத்திய வரி 1.5, மாநில வரி 1.5 எனப் பிரியும். திரையில் 1.5 என்று உள்ளிட்ட விகிதம், சேமித்துவிட்டு மீண்டும் திறந்தபோது 2 என்று நின்றது; 7.985 கிராம் எடையுள்ள மோதிரம் 8 கிராம் ஆகியிருந்தது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை.

இத்தகைய நேரத்தில் நிரலை வரிவரியாகப் படிக்கத் தொடங்குவதைவிட, சோதனைத் தரவுத்தளத்தில் 1234567.8765 என்ற எண்ணை உங்கள் மென்பொருள் வழியாகவே சேமித்துப் பார்ப்பது விரைவில் பலன் தரும். ஏனெனில் தவறு எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்து இந்த எண் வெவ்வேறு விதமாகச் சிதையும். விடையைத் திரையில் பார்க்காமல், தரவுத்தளத்தில் நேரடியாக செலக்ட் (தரவைக் கேட்டெடுக்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். எண் சரியாகச் சேமிக்கப்பட்டிருந்தும், அறிக்கையின் வடிவமைப்பு இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டுவது உண்டு.

விடை 1234568 என்றால், பெரும்பாலும் புலத்தின் (டேபிளில் அந்த எண்ணுக்கான நெடுவரிசையின்) வரையறையே காரணம். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் வெறுமனே டெசிமல் என்று எழுதினால் அது டெசிமல்(10,0), அதாவது மொத்தம் 10 இலக்கங்கள், புள்ளிக்குப் பின் 0 என்றும், எஸ்க்யூஎல் சர்வரில் டெசிமல்(18,0) என்றும் பொருள்படும். பெயரில் தசமம் இருக்கும், சேமிப்பில் இருக்காது. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் வெறும் நியூமெரிக் என்பது தசமத்தை அப்படியே வைத்திருக்கும் என்பதால், அங்கே பழகியவர்கள் மைஎஸ்க்யூஎல்லுக்கு வரும்போது இதில் எளிதாகச் சறுக்குகிறார்கள். மைஎஸ்க்யூஎல் இதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு குறிப்பாக மட்டுமே பதிவுசெய்கிறது. சேமித்த உடனே ஷோ வார்னிங்ஸ் கொடுத்தால் அதைக் காணலாம். புலம் சரியாக இருந்தும் இதே விடை வந்தால், ஸ்டோர்டு புரொசீஜரின் (தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைத்த நிரலின்) பாராமீட்டரை, அதாவது மதிப்பை அது வாங்கிக்கொள்ளும் இடத்தை, பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் அந்தப் பாராமீட்டரை வெறும் டெசிமல் என்று அறிவித்திருந்தால், எண் டேபிளைச் சென்றடையும் முன்பே தசமத்தை இழந்துவிடும். இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் பிடித்தது.

விடை 1234567 என்றால், எண் முழுமையாக்கப்படவில்லை, வெட்டப்பட்டிருக்கிறது. சந்தேகம் நிரலின் பக்கம் திரும்ப வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட், சிஷார்ப்பில் (int) என்று முழு எண்ணாக காஸ்ட் செய்யும் வரி, பிஎச்பியின் மைஎஸ்க்யூஎல்ஐ பைண்டில் ‘டி’ (தசம எண்) இருக்க வேண்டிய இடத்தில் ‘ஐ’ (முழு எண்) என்று இருப்பது ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். எஸ்க்யூஎல் சர்வரில் புலமே இன்ட் ஆக இருந்தாலும் இதே விடைதான் வரும்.

1234567.88 என்றால் புலம் இரண்டு தசம இலக்கங்களோடு நிற்கிறது. 1234567.87 என்று வந்தால், சிஷார்ப் நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் 6 நினைவுக்கு வர வேண்டும்: டேபிளில் நான்கு இலக்கங்களுக்கு இடமிருந்தாலும், மாடலில் வேறு எதுவும் சொல்லாதவரை அது (18,2) என்றே எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும். மைஎஸ்க்யூஎல்லில் 1234570 என்று தெரிந்தால் புலம் ஃபுளோட், அதாவது எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் வகை. பணத்துக்கும் எடைக்கும் அது பொருந்தாது. டபுளும் தோராய வகையே என்பதால் அதற்கு மாற்றுவதும் தீர்வாகாது, டெசிமலுக்கே மாற்றுங்கள்.

புலத்தைத் திருத்தும்போது டெசிமல்(12,3) என்பதில் 12 என்பது மொத்த இலக்கங்கள், அதில் 3 புள்ளிக்குப் பின்னால் போக, முன்னால் 9 மட்டுமே மிஞ்சும் என்பதை எண்ணிக்கொண்டு அளவைத் தீர்மானிக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் ஆல்டர் டேபிள் மாடிஃபை கட்டளையில் நாட் நல் (காலியாக விடக்கூடாது), டிஃபால்ட் (இயல்பு மதிப்பு) போன்றவற்றை மறுபடியும் எழுதாவிட்டால் அவை போய்விடும். ஆகவே ஷோ கிரியேட் டேபிள் காட்டும் பழைய வரையறையைப் பிரதியெடுத்து அதில் வகையை மட்டும் மாற்றுவது பாதுகாப்பானது.

பழைய வரிசைகளில் 8 என்று பதிவானது, திருத்தத்துக்குப் பிறகு 8.000 ஆகுமே தவிர 7.985 ஆகாது. அந்தக் கடையில் பில் அச்சானது சேமிப்பதற்கு முன்பிருந்த எண்களைக் கொண்டு என்பதால், கார்பன் பிரதிகளைப் பார்த்து ஒவ்வொரு எடையையும் கையால் திரும்ப ஏற்றினோம்.